எலும்பு நுனியில் இருக்கும் பாக்கி

"அப்பா ஐந்தடி நாலு அங்குலம், அம்மா ஐந்தடிகூட இல்லை, பையன் மட்டும் எப்படி ஐந்தடி பத்து? உயரம் மரபணுவில் இருக்கிறது என்றுதானே படித்தோம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

படித்தது பாதி சரி. வயிறார சாப்பிட்டு, பெரிய நோய் எதுவும் இல்லாமல் வளர்ந்த ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் உயரம் மாறுவதில் சுமார் 80 சதவீதம் மரபணுவின் வேலைதான். ஆனால் 1896-இல் பிறந்த தென்கொரியப் பெண்களைவிட 1996-இல் பிறந்தவர்கள் சராசரியாக 20 செ.மீ. உயரம்! நூறு வருடத்தில் ஒரு நாட்டின் மரபணுக்கள் இந்த அளவுக்கு மாறிவிடாது. மாறியது சாப்பாடு, தண்ணீர், மருத்துவம்.

சரி, தட்டில் இருக்கும் சாப்பாடு எலும்புக்கு எப்படித் தெரிகிறது? நீண்ட எலும்புகளின் நுனிக்குப் பக்கத்தில் வளர்ச்சித் தட்டு என்று மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு உண்டு. அங்கே செல்கள் வரிசையாகப் பிரிந்து, பல மடங்கு உப்பி, கடைசியில் அந்த இடத்தை எலும்புக்கு விட்டுவிட்டு மறைகின்றன. இதை முடுக்குவது ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோன், அதில் பெரும்பகுதி கல்லீரலில் இருந்து வருகிறது, கல்லீரலுக்கு உத்தரவு போடுவது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன். இதெல்லாம் பள்ளிப் பாடம்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கப்புறம்தான் வருகிறது. சரியான சாப்பாடு இல்லாத குழந்தையின் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் குறைவாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? பெரும்பாலும் அதிகமாகத்தான் இருக்கிறது. கல்லீரல்தான் அந்த உத்தரவைக் காதில் வாங்குவதில்லை, அதனால் ஐஜிஎஃப்-1 சரிந்து எலும்பு நின்றுவிடுகிறது. ஆனால் அதே ஹார்மோனுக்குக் கொழுப்பைக் கரைத்து எரிபொருளாக்கும் இன்னொரு வேலையும் உண்டு, அது தடைபடாமல் நடக்கிறது. உயிர் பிழைப்பது முதலில், உயரம் பிறகு!

நின்றுபோன வளர்ச்சி மொத்தமும் நஷ்டமா என்றால், இல்லை. வளர்ச்சித் தட்டின் செல்கள் இத்தனை முறைதான் பிரியும் என்று ஒரு வரம்பு இருக்கிறது. பட்டினியில் பிரியாமல் இருந்தால் அந்தக் கணக்கு செலவாவதில்லை, பாக்கியாக அப்படியே நிற்கிறது. முயல்களின் ஒரு கால் எலும்பில் மட்டும் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்திப் பார்த்தார்கள், நிறுத்தியதும் அந்த ஒரு தட்டு மட்டும் வழக்கத்தைவிட வேகமாக வளர்ந்தது. உடம்பு முழுக்க ஓடும் ஹார்மோன் ஒன்றுதான், அப்படியானால் கணக்கு வைத்திருப்பது அந்தத் தட்டே.

ஆனால் இதற்குக் கெடு உண்டு. பருவமடைந்தபின், பெண் ஹார்மோன் என்று சொல்லப்படும் ஈஸ்ட்ரோஜன், ஆண்களுக்கும் இதுதான், தட்டை மூடிவிடும். வயிற்றில் இருந்த காலத்திலும் முதல் இரண்டு வருடத்திலும் இழந்ததைப் பிற்பாடு முழுசாகப் பிடிப்பது கஷ்டம். தட்டு மூடியபின் உயரம் கூட்டுவதாகச் சொல்லும் பவுடர், மாத்திரை, கம்பியில் தொங்கும் பயிற்சி எல்லாம் காசுக்குப் பிடித்த கேடு, தயவுசெய்து வாங்காதீர்கள்.

ஒரே தலைமுறையில் எல்லாம் சரியாகாமல் போவதற்குத் தாயின் உடம்பும் ஒரு காரணம். 1938-இல் வெளியான ஓர் ஆய்வில் மிகப்பெரிய ஷயர் குதிரைகளையும் குட்டையான ஷெட்லாந்து குதிரைகளையும் கலந்தார்கள். எந்தப் பக்கமிருந்து கலந்தாலும் குட்டிக்குப் பாதிப் பாதி மரபணுதான், ஆனால் ஷயர் தாய்க்குப் பிறந்தது மிகப் பெரிசு, ஷெட்லாந்து தாய்க்குப் பிறந்தது சிறிசு, அந்த வித்தியாசம் வளர்ந்த பின்னும் முழுசாகப் போகவில்லை. மனிதர்களிலும் குழந்தைப் பருவத்தில் வளர்ச்சி நின்ற பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தை எடை குறைவாக இருக்கும் வாய்ப்பு அதிகம், வீட்டில் இப்போது சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்றாலும். வாசகர் சொன்ன பையன் ஒரே தாவலில் போய்விட்டான், பல குடும்பங்களில் இது இரண்டு மூன்று படிகளாக நடக்கும்.

இதை மனிதர்களில் ஒழுங்காக அளக்க ஒரே குடும்பங்களை முப்பது நாற்பது வருடம் விடாமல் தொடர வேண்டும். மூன்று வருட நிதி கொடுத்துவிட்டு முடிவு எங்கே என்று கேட்பவர்களிடம் எந்த ஆய்வாளர் போய் அதைக் கேட்பார்?