வெறிநாய்க்கடியா, வெறிநோயா?

ரேபிஸ் நோயைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதே கேள்வி. கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டைச் சந்தையில் ஒரே நாயைத் தமிழர் வெறிநாய் என்பார், தெலுங்கு பேசுபவர் பிச்சி குக்க என்பார், கன்னடக்காரர் ஹுச்சு நாயி என்பார். இலங்கைத் தமிழருக்கு அது விசர்நாய். எல்லாவற்றுக்கும் பொருள் பித்துப் பிடித்த நாய். ரேபிஸ் என்ற லத்தீன் சொல்லும் இதே வீட்டுப் பிள்ளைதான். மூர்க்கம் கொள்ளுதல் என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது.

நம் 'வெறி'க்கு வயது அதிகம். சங்கப் பாட்டில் முருகன் ஏறி வேலன் என்ற பூசாரி ஆடும் ஆட்டம் வெறியாட்டு. நறுமணத்துக்கும் வெறி என்ற பெயருண்டு. கள்வெறி, கொலைவெறி என்று அது கீழிறங்கியது பிற்பாடுதான்.

'வெறிநாய்க்கடி' என்ற கூட்டுச்சொல்தான் எனக்கு உறுத்துகிறது. மனிதருக்கு இந்நோய் வருவது 100-க்கு 99 நாயால்தான், மறுக்கவில்லை. ஆனால் நோயுற்ற நாய் சீறாமல், தாடை தொங்கி மூலையில் முடங்கியும் கிடக்கும். பூனை கீறினாலும், புண்ணில் எச்சில் பட்டாலும் கிருமி ஏறும். கிருஷ்ணகிரிப் பக்கம் கறவை மாடு இல்லாத ஊர் எது? மாடு எச்சில் ஒழுக்கி, விழுங்க முடியாமல் கதறினால், தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று வாய்க்குள் கையை விடுகிறோம். இதில் நாயும் இல்லை, கடியும் இல்லை. அந்த வீட்டார் ஊசி போட ஏன் போகப்போகிறார்கள்? மாட்டைப் பார்த்த கால்நடை மருத்துவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லியனுப்பினால்தான் உண்டு.

நீர்வெறுப்பு நோய் என்ற பழைய பெயர் இன்னும் மோசம். தண்ணீரைக் கண்டு மிரள்வது மனிதருக்கு வரும் குறி, நாய்க்கு அல்ல. 'நாய் தண்ணீர் குடித்தது, பயமில்லை' என்ற நம்பிக்கைக்கு இந்தப் பெயரும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆகவே என் தேர்வு வெறிநோய். நாய்க்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் ஒரே பெயர். கால்நடை மருத்துவர், மனிதரைப் பார்க்கும் மருத்துவர் இருவரின் ஏட்டிலும் ஒரே சொல் நிற்கும். இப்படிச் சேர்ந்து வேலை செய்வதற்கு ஆங்கிலத்தில் 'ஒன் ஹெல்த்' என்று பெயர்; அதை 'ஒரே நலம்' என்று மொழிபெயர்க்கிறார்கள். சப்பென்று இருக்கிறது; 'கூட்டுநலம்' என்றால் ஊரில் புரியும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற காலம் மலையேறிவிட்டது. கடியோ கீறலோ எச்சிலோ பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே போனால், தோலுக்குள் போடும் ஊசி முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள்களிலும், கையில்தான். கடியிலோ கீறலிலோ ரத்தம் வந்திருந்தால் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் ஒரு மருந்து செலுத்துவார்கள்.