உங்கள் மரத்துக்கு எந்தச் சான்றிதழ்?

சவுக்கு, தைல மரம், மலைவேம்பு என்று சொந்த நிலத்தில் மரம் வளர்ப்பவர்களுக்கான விளக்கம் இது. காட்டை அழிக்காமல், முறையாக வளர்த்து வெட்டிய மரம்தான் என்று மூன்றாம் தரப்பு ஒன்று நேரில் பார்த்துத் தருவதுதான் மரச் சான்றிதழ். எந்தச் சட்டமும் இதைக் கட்டாயமாக்கவில்லை. இது மானியமும் அல்ல.

இந்தியாவில் இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று எஃப்.எஸ்.சி. (Forest Stewardship Council). 1993இல் தொடங்கிய பன்னாட்டு அமைப்பு, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரம். இன்னொன்று 1999இல் தொடங்கிய பி.இ.எஃப்.சி. (Programme for the Endorsement of Forest Certification). இது அந்தந்த நாடு உருவாக்கும் தரத்தைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும் அமைப்பு. என்.சி.சி.எஃப். (Network for Certification and Conservation of Forests) என்ற இந்திய அமைப்பு உருவாக்கிய தரம் 2019இல் இதன் ஒப்புதலைப் பெற்றது. மூன்றாவது, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2023 டிசம்பரில் அறிவித்த இந்திய வன, மரச் சான்றிதழ் திட்டம். போபாலில் உள்ள இந்திய வன மேலாண்மை நிறுவனம் இதை நடத்துகிறது. காட்டுக்கு வெளியே பட்டா நிலத்தில் நிற்கும் மரங்களுக்கென்று இதில் தனித் தரம் வைத்திருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் பொருந்தும்.

சரி, எதை எடுப்பது? மரம் கடைசியில் யாரிடம் போய்ச் சேருகிறது என்று முதலில் விசாரியுங்கள். பந்தல் கால், கட்டடச் சாரம், விறகு என்று உள்ளூரிலேயே விலைபோகும் சவுக்குக்குச் சான்றிதழ் எடுப்பது வீண் செலவு என்பது என் கருத்து. காகித ஆலைக்கோ, மரச்சாமான் ஏற்றுமதியாளருக்கோ போகிறது என்றால், அவர்கள் எந்த முத்திரையைக் கேட்கிறார்களோ அதை எடுங்கள். எஃப்.எஸ்.சி. கேட்பவரிடம் பி.இ.எஃப்.சி. சான்றிதழைக் காட்டினால் அந்த மரம் சான்று பெற்ற மரமாகக் கணக்கில் வராது. இந்தியத் திட்டம் புதியது. வெளிநாட்டு வாங்குபவர் அதை ஏற்பாரா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பலர் ஏமாறுவது அடுத்த இடத்தில்தான். தோட்டத்துக்குச் சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது. மரம் கைமாறும் ஒவ்வொரு படியிலும், அதை வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்பவருக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். நம் ஊரில் நிற்கிற மரத்தை வியாபாரி மொத்தமாக விலைபேசி வெட்டிக்கொண்டு போவது வழக்கம். அவரிடம் சான்றிதழ் இல்லாவிட்டால் தொடர் அங்கேயே அறுந்துவிடும். அப்புறம் உங்கள் மரமும் சாதாரண மரம்தான். ஆகவே ஆலைக்கு நேரடியாக விற்க வழி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் தனியாகத் தணிக்கைக் கட்டணம் கட்டினால் கட்டுப்படியாகாது. குழுவாகச் சேருங்கள். ஆலையோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ சான்றிதழைத் தன் பெயரில் எடுக்கும், நீங்கள் உறுப்பினர். எஃப்.எஸ்.சி. சான்றிதழ் ஐந்து ஆண்டு செல்லும், ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. எல்லாத் தோட்டத்தையும் பார்க்க மாட்டார்கள், சிலவற்றைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பார்கள். பட்டா, நட்ட ஆண்டு, அடித்த மருந்து, வெட்டு ஆட்களுக்குப் பாதுகாப்பு, குழந்தைத் தொழிலாளர் இல்லாமை எல்லாவற்றையும் கேட்பார்கள். சில கொடிய பூச்சிமருந்துகளுக்கு எஃப்.எஸ்.சி.யில் தடை உண்டு. வாய்ச்சொல் செல்லாது, ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

ஐரோப்பாவுக்குப் போகும் மரமென்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த மரம் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியிருக்கிறது. மரம் வளர்ந்த நிலம் எங்கே இருக்கிறது என்ற புவியிட விவரமும் அதற்கு வேண்டும். சான்றிதழ் இருப்பதால் அதிலிருந்து விலக்குக் கிடைக்காது, உதவியாக மட்டும் இருக்கும். அதேபோல சந்தனம் போன்ற மரங்களை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் வனத்துறை அனுமதி தனியாக வாங்க வேண்டும்.

குழுவில் கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேளுங்கள்: தணிக்கைச் செலவு யாருடையது, டன்னுக்குக் கூடுதலாக எவ்வளவு தருவார்கள், நடுவில் விலக நினைத்தால் மரத்தை வேறு யாருக்கும் விற்கலாமா. கூடுதல் விலை ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால், அது கிடைக்கும் என்று நம்பி அடுத்த நடவைத் திட்டமிட வேண்டாம்.