தேவசித்தம் என்ற சொல்லில் இருக்கும் ‘சித்தம்’

எங்கள் பெரியம்மா பாளையங்கோட்டையிலிருந்து போடுகிற இன்லண்ட் கடிதத்தில் எந்தப் பயணத்தைப் பற்றி எழுதினாலும் அதற்கு முன்னால் இரண்டு சொல் கட்டாயம் இருக்கும். “கர்த்தருக்குச் சித்தமானால் பொங்கலுக்கு வருவேன்.” பஸ் டிக்கெட் எடுத்த பிறகும் அப்படித்தான் எழுதுவார். சின்ன வயதில் அதை நான் கடிதத்தின் மேலே போடுகிற தேதி மாதிரி ஒரு வழக்கம் என்றுதான் நினைத்தேன்.

இப்போது அதே சொல் கிறிஸ்தவர்களான நம் வாயில் ‘தேவசித்தம்’, கடவுளுடைய சித்தம், என்று வேறு மாதிரி வருகிறது. “இந்த வேலைக்குப் போறது தேவசித்தமான்னு தெரியலை”, “அந்த வரன் தேவசித்தம் இல்லைபோல”, “சித்தத்தை விட்டு விலகிட்டேனோன்னு பயமா இருக்கு”. கேட்கும்போது, எங்கோ ஒரு உறைக்குள் நம் வாழ்க்கையின் வரைபடம் ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது, அதைப் பிரித்துப் படிக்கத் தெரியாதவன் பாடு அவ்வளவுதான் என்பதுபோல் இருக்கிறது. நானும் இருபத்து நான்கு வயதில் அப்படித் தவித்திருக்கிறேன். ஓசூரில் ஒரு வேலை, சென்னையில் ஒரு வேலை, இரண்டுக்கும் பதில் சொல்ல ஒரு வாரம்தான் இருந்தது. ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து ‘ஓசூர்’, ‘சென்னை’ என்று எழுதி, வேதாகமத்துக்குள் வைத்து, முழங்காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். ஓசூர் வந்தது. மனசு அடங்கவில்லை, மறுபடியும் எடுத்தேன், சென்னை வந்தது. அன்றைக்கு அழுதது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த வயதில் யாராவது எனக்கு ‘சித்தம்’ என்ற சொல்லின் பொருளை மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தால் பாதி பாரம் குறைந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சித்தம் வடசொல். ‘சித்’ என்ற வேருக்கு உணர்தல், அறிதல், நினைத்தல் என்று பொருள். அதிலிருந்து வந்த சித்தத்துக்கு முதல் பொருள் மனம், நினைவு. சைதன்யம் அதே வேரில் பிறந்தது, சிந்தை, சிந்தனை எல்லாம் அதற்கு உறவு. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்று அந்தக்கரணம், அதாவது உள்ளே இருக்கும் கருவிகள், நான்கு சொல்வார்களே, அந்தச் சித்தமும் இதுதான். ஊரில் ‘சித்தம் கலங்கிப் போச்சு’ என்றால் மனம் கலங்கிவிட்டது. ‘சித்தம்போக்கு சிவன்போக்கு’ என்றால் மனம் போன போக்கு. எங்கேயும் ‘திட்டம்’ என்ற பொருள் இல்லை, கவனியுங்கள்.

இதே ஒலியில் இன்னொரு சித்தமும் உண்டு. ‘புறப்படச் சித்தமாக இரு’ என்கிறோமே, அது ‘சித்த’ என்ற வேறு வடசொல்லிலிருந்து வந்தது, முடிந்தது, கைகூடியது, ஆயத்தமானது என்று பொருள். சித்தி, சித்தர், காரியசித்தி எல்லாம் அந்தக் குடும்பம். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதால் குழப்பம் வரும். தேவசித்தத்தில் இருப்பது முதல் சித்தம், அதாவது மனம்.

மனம் எப்படி விருப்பம் ஆனது? அரசவை நாடகங்களில் மந்திரி ராஜாவிடம் “தங்கள் சித்தம் என் பாக்கியம்” என்று சொல்வது காதில் விழுந்திருக்கும். உங்கள் மனதில் என்ன இருக்கிறதோ அதைச் செய்வது எனக்குப் பாக்கியம் என்று அர்த்தம். பெரியவர் ஒருவருடைய மனதில் இருப்பதுதான் அவருடைய விருப்பம். கீழே நிற்கிறவன் அந்த மனதைப் பார்த்து நடக்கிறான்.

1706ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715ல் அச்சில் முடிந்தது. அப்புறம் பப்ரீசியஸ், இரேனியஸ் என்று பலர் கைவைத்து, 1871ல் பவர் தலைமையிலான குழுவின் பதிப்பு வந்தது. இன்று நம் சபைகளில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு அந்த வழியில் வந்ததுதான். ‘உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல’ என்று நாம் ஜெபிக்கிற இடத்தில் கிரேக்கத்தில் இருக்கும் சொல் ‘தெலேமா’. ‘தெலோ’ என்றால் விரும்புகிறேன், அதிலிருந்து தெலேமா, விரும்புவது. ஆலோசனைக்கு, அதாவது நாம் திட்டம் என்பதற்கு, ‘பூலே’ என்று தனிச்சொல் கிரேக்கத்தில் உண்டு. எபேசியர் 1:11ல் இரண்டும் சேர்ந்தே வருகின்றன: ‘தமது சித்தத்தின் ஆலோசனைக்குத்தக்கதாக’. அந்த ஒரு வசனத்தைக் கவனமாக வாசித்தாலே போதும், சித்தமும் ஆலோசனையும் ஒன்றல்ல என்று விளங்கும். ஆலோசனை அந்தச் சித்தத்திலிருந்து பிறக்கிறது.

எனக்கு இந்தச் சொல் கண்ணைத் திறந்த இடம் மத்தேயு 8. ஒரு குஷ்டரோகி வந்து, “உமக்குச் சித்தமானால், என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்” என்கிறான். பெரியம்மாவின் கடிதத்தில் இருந்த அதே ‘சித்தமானால்’! இயேசுவால் முடியுமா என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. தன்னைப் போல ஒருவன்மேல் அவருக்கு மனம் வருமா என்பதுதான் தெரியவில்லை. யாரும் தொடாத அவனை அவர் கை நீட்டித் தொட்டு, “எனக்குச் சித்தமுண்டு” என்கிறார். கிரேக்கத்தில் அது ஒரே சொல், தெலோ. இதில் சித்தத்துக்குப் பதிலாகத் ‘திட்டம்’ என்று போட்டு வாசித்துப் பாருங்கள். “எனக்குத் திட்டமுண்டு” என்றால் அந்தக் கையின் சூடே போய்விடுகிறது.

அப்படியானால் எதிர்காலம் தெரியாதபோது சித்தத்தை நம்புவது என்றால் என்ன? இதற்கு அப்போஸ்தலன் பவுலைவிட நல்ல ஆள் எனக்குத் தெரியாது. ரோமில் இருந்த விசுவாசிகளுக்கு ரோமர் 15ல் எழுதுகிறார், தேவசித்தத்தினாலே சந்தோஷத்துடன் உங்களிடத்தில் வந்து இளைப்பாற வேண்டும், அங்கிருந்து ஸ்பானியாவுக்கு, அதாவது ஸ்பெயினுக்கு, போகவேண்டும் என்று. தெளிவான பயணத் திட்டம். நடந்ததைப் பாருங்கள். எருசலேமில் பிடிபட்டார், செசரியாவில் இரண்டு வருஷம் காவலில் கிடந்தார், கப்பல் ஏறினால் பதினான்கு நாள் புயல், 276 பேரோடு கப்பல் உடைந்து மெலித்தா தீவில் ஒதுங்கி மூன்று மாதம். கடைசியில் ரோமுக்குப் போய்ச் சேர்ந்தார், சங்கிலியோடு. சந்தோஷமாக வந்து இளைப்பாறுவேன் என்று எழுதியவர் கைதியாக நுழைகிறார். ‘தேவசித்தத்தினாலே’ என்று அவர் எழுதியபோது இந்த வழியில் எதுவும் அவருக்குத் தெரியாது, வழிகாட்டுகிறவரின் மனம் மட்டும் தெரியும். ஆபிரகாமைப் பற்றியும் எபிரெயர் 11 ‘தான் போகும் இடம் இன்னதென்று அறியாமல் புறப்பட்டுப்போனான்’ என்றுதான் சொல்கிறது, அதையே விசுவாசம் என்கிறது.

சரி, இதற்கு நல்ல தமிழ் என்ன? விருப்பம் என்று சொல்லலாம், தவறில்லை, வேதாகமத்தின் பொது மொழிபெயர்ப்பில் அந்தக் குஷ்டரோகியிடம் இயேசு “நான் விரும்புகிறேன்” என்றுதான் சொல்கிறார். ஆனால் நாம் காபியா டீயா என்பதற்கும் விருப்பம் என்கிறோம், கொஞ்சம் லேசாகிவிடுகிறது. என் மனதுக்குப் பொருத்தமாகப் படுவது திருவுளம். 1995ல் வந்த அதே மொழிபெயர்ப்பில் கர்த்தருடைய ஜெபம் ‘உமது திருவுளம் விண்ணுலகில் நிறைவேறுவது போல’ என்று வருகிறது, கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது மனப்பாடம். உள்ளுதல் என்றால் நினைத்தல், ‘உள்ளுவது எல்லாம் உயர்வுள்ளல்’ என்ற குறளில் இருப்பது அதுதான். நினைக்கிற இடம் உள்ளம். சித்தத்தில் நினைவும் மனமும் விருப்பமும் சேர்ந்திருப்பதுபோலவே உள்ளத்திலும் இருக்கிறது. திருவுளம் சைவ வைணவ மரபுகளில் காலகாலமாக இறைவனுக்கு வழங்கிவந்த சொல்தான், நமக்கு அது அந்நியம் என்று தள்ளத் தேவையில்லை, சித்தம் மட்டும் எங்கிருந்து வந்ததாம்?

திருவுளச்சீட்டு என்ற சொல்லையும் இங்கே சொல்லவேண்டும். கடவுளின் உள்ளத்தை அறியச் சீட்டுப் போட்டு எடுப்பதற்கு அந்தப் பெயர். அப்போஸ்தலர் 1ல் யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் இறங்கிய பிறகு அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டதாக அந்தப் புத்தகத்தில் வேறு இடமே இல்லை. என் இரண்டு தாள்துண்டுகளும் அப்படித்தான் பேசாமல் போயின என்று இப்போது நினைக்கிறேன்.

இன்னொரு சொல்லும் இதில் உதவும், அது ஆங்கிலத்தில் சித்தத்துக்குச் சொல்கிற ‘வில்’. அதுதான் நம் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குள் வந்து ‘உயில்’ ஆனது. எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, எழுதியவர் கண்மூடிய பிறகு பிரித்துப் படிக்கிற காகிதம். நாம் பலபேர் தேவசித்தத்தை உயில் மாதிரிதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம், எங்கே இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறது, என் பெயர் அதில் உண்டா என்று. உயிரோடு இருக்கிறவரின் உள்ளத்தை அறிய அவரோடுதான் பேசவேண்டும், பழகவேண்டும்.

ஒரு சாவு வீட்டில் எழுந்து நின்று “எல்லாம் தேவசித்தம்” என்று சொல்லுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கேட்கிற தாய்க்கு அது ‘உன் பிள்ளை போனது அவருக்குப் பிடித்திருந்தது’ என்று விழும். நண்பன் லாசருவின் கல்லறையில் இயேசு கண்ணீர் விட்டார், அதுவும் அவருடைய சித்தத்தைத்தான் காட்டுகிறது.

கடைசியில் நான் போனது ஓசூருக்கு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, அங்கே குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள், அவரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்பதுதான் காரணம். போன பிறகும் அது சரியா என்று யாரும் வானத்திலிருந்து சொல்லவில்லை. இப்போது தங்கச்சிக்கு வாட்ஸப்பில் செய்தி போடும்போது நானும் பெரியம்மா மாதிரியே எழுதுகிறேன், சொல்லை மட்டும் மாற்றி: “ஆண்டவர் திருவுளம்கொண்டால் சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வர்றேன், சாவியை வெளியே வைத்துவிடு.”