ஓவர்கிளாக்கிங்: துடிப்பேற்றம்

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்கு அடுத்த தெருவில் கணினி பழுது பார்க்கும் தம்பி, என் மேசைக்கணினியைத் திருப்பித் தரும்போது சொன்னார்: "அண்ணே, கிளாக்க நாலு புள்ளி நாலுக்கு ஏத்திருக்கேன். ஹீட்ட மட்டும் பாத்துக்குங்க." கணினிச் சில்லை அதற்கென வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்கிங். அதற்கு நல்ல தமிழ் தேடிக்கொண்டிருந்த எனக்கு வேண்டிய வினை அவர் வாயிலேயே இருந்தது. ஏற்று.

'கிளாக்' என்பதன் வேர் இடைக்கால இலத்தீனின் 'க்ளொக்கா'. பொருள், மணி. மணியடித்து நேரம் சொன்ன கருவிக்கு மணியின் பெயரே நின்றுவிட்டது. நாமும் "மணி என்ன?" என்றுதானே கேட்கிறோம்.

ஆனால் பிராசசருக்கான, அதாவது கணினியில் கணக்குப் போடும் சில்லுக்கான, கிளாக் மணி காட்டுவதில்லை. சில்லைப் பொருத்தும் மதர்போர்டில் உள்ள குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்விலிருந்து பெறும் சீரான துடிப்பு அது. இன்றைய கணினிகளில் அடிப்படைத் துடிப்பு பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 10 கோடி. அதை ஒரு எண்ணால் பெருக்கித்தான் சில்லு ஓடும். அந்தப் பெருக்கி எண் 40 என்றால் 4 கிகாஹெர்ட்ஸ். 44 ஆக்கினால் 4.4. தம்பி ஏற்றியது இந்தப் பெருக்கியைத்தான். இன்டெல் சில்லுகளில் பெயர் 'கே' என்று முடிபவற்றில் இது நாம் மாற்றும்படி திறந்திருக்கும். 1998இல் வந்த இன்டெலின் செலரான் 300ஏ சில்லில் பெருக்கி பூட்டியே இருந்தது. அடிப்படைத் துடிப்பை 66இலிருந்து 100க்கு ஏற்றி, 300 மெகாஹெர்ட்ஸ் சில்லை 450இல் ஓட்டினார்கள்.

தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் தவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் வேகம், கூடக்கூடத் தவிலில் வாசிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் கிடைக்கும் இடைவெளி சுருங்கும். அதற்குள் விரல் விழ வேண்டும். விழாவிட்டால் சொல் மழுங்கிவிடும். சில்லிலும் அதேதான். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே டிரான்சிஸ்டர்கள் கணக்கை முடித்தாக வேண்டும். முடியாதபோது தப்பான விடை, அல்லது கணினி நின்றுபோய் நீலத்திரை. வோல்டேஜைக் கூட்டினால் அவை விரைந்து மாறும். ஆனால் மின்செலவு வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும்: 4 கிகாஹெர்ட்ஸை 4.4 ஆக்கி, 1.2 வோல்ட்டை 1.3 ஆக்கினால், வேகம் 10 விழுக்காடு கூடும். டிரான்சிஸ்டர்கள் மாறுவதற்கான மின்செலவோ சுமார் 29 விழுக்காடு கூடும். அத்தனையும் சூடு.

ஆகவே ஒவ்வொரு படியாகத்தான் ஏற்ற வேண்டும். பெருக்கியில் ஒரு எண், பிறகு முழுச்சுமைச் சோதனை, வெப்பநிலை பார்த்தல், அப்புறம் அடுத்த எண். முதலில் வோல்டேஜைத் தொடக் கூடாது. கணினி எழும்பவே மறுத்தால் சீமாஸை (மதர்போர்டில் இந்த அமைப்புகள் பதிந்திருக்கும் நினைவகம்) அழித்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். நம் ஊர் கத்திரி வெயிலையும் கணக்கில் சேருங்கள்: அறை 10 டிகிரி கூடினால் சில்லும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். மார்கழியில் நின்ற அமைப்பு சித்திரையில் சரியும்.

'மிகைக்கடிகாரம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கடிகாரம் என்றதும் சுவரில் தொங்குவதுதான் நினைவுக்கு வரும்; 'மிகை' என்பதோ வேலையைத் தொடங்கும் முன்பே குற்றம் சொல்கிறது. துடிப்பேற்றம் என்றால் எதை, என்ன செய்கிறோம் என்பது இரண்டும் தெரியும். 'துடி' தோற்கருவியின் பெயரும்கூட என்பதால், தாளத்தின் வாசனையும் சேர்கிறது. வேகத்தைக் குறைக்கும் அண்டர்கிளாக்கிங்குக்குத் துடிப்பிறக்கம். "கோடையில கொஞ்சம் எறக்கிக்குங்கண்ணே" என்று அதையும் தம்பி சொல்லியிருந்தார்; பங்குனி முடியும்போது நான் பெருக்கியை 42க்கு இறக்கி வைத்தேன்.