நிறத்தைப் பார்த்துப் பாசிக்குப் பெயர் வைக்காதீர்கள்

எங்கள் ஆய்வகத்துக்குச் சென்ற வாரமும் ஒரு பொட்டலம் வந்தது. ஃபார்மலின் வாடையோடு கசங்கிக் கிடந்த, கப்பாஃபைகஸ் என்னும் கடல் செம்பாசியின் துண்டுகளோடு, "பச்சையாக இருப்பதால் இது வேறு இனம், டிஎன்ஏ பார்த்துச் சொல்லவும்" என்றொரு சீட்டு இருந்தது. எந்தக் கரையில், எந்த நாளில் எடுத்தது என்ற குறிப்பு மட்டும் இல்லை.

செம்பாசி என்பது ஒரு பெருங்கூட்டத்தின் பெயரே தவிர, நிறத்துக்குத் தரும் சான்றிதழ் அன்று. அதன் உடலில் பச்சையம் எப்போதும் இருக்கிறது. ஃபைகோஎரித்ரின் என்னும் செந்நிறமி அதை மறைக்கிறது, அந்த நிறமி குறைந்தால் பச்சை வெளியே தெரிகிறது. வளர்ப்புக் கப்பாஃபைகஸ் ஆல்வரேசி பழுப்பு, பச்சை, சிவப்பு என மூன்று நிறங்களிலும் உண்டு. பல நாடுகளின் வளர்ப்புச் செடிகளில் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை ஒப்பிட்டபோது, நிறம் வேறுபட்டவற்றிலும் ஒரே டிஎன்ஏ வரிசைதான் கிடைத்தது. இந்த இனத்தையே 1985இல் யூக்கியூமா என்ற பேரினத்தில் வைத்த பாசியியலாளர் டோட்டி, 1988இல் கப்பாஃபைகஸ் பேரினத்துக்கு மாற்றினார். அந்த மாற்றத்தில் நிறத்துக்குப் பங்கில்லை. செடியின் அமைப்பும் அது தரும் கராஜீனன் என்னும் கூழ்ப்பொருளின் வகையும்தான் பேசின.

உருவம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. பார்க்க வேண்டிய இடம் உள்ளே இருக்கிறது. கிராசிலேரியா, கிராசிலேரியாப்சிஸ் என்னும் இரு செம்பாசிப் பேரினங்களும் வெளிப்பார்வைக்கு ஒரே நூல்கற்றைதான். பெண் செடியின் மேலுள்ள கடுகளவுப் புடைப்பைச் சவர அலகால் மெல்லச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், முன்னதில் உட்திசுவிலிருந்து புடைப்பின் சுவருக்கு ஓடும் குழல் செல்கள் தெரியும், பின்னதில் அவை இருக்காது. இந்தப் பிரிவை 1949இல் முன்வைத்தவர் பாசியியலாளர் டாசன். இடையில் இரண்டும் ஒன்றாக்கப்பட்டு, 1989இல் மீண்டும் பிரிக்கப்பட்டன. மரபணுச் சான்று பிறகு வந்து அதை உறுதி செய்தது.

அதற்காக மரபணுவை மட்டும் நம்பிக் கண்ணை மூடிக்கொள்வதும் தவறு. 2018இல் கிராசிலேரியாவிலிருந்து அகரோஃபைட்டான் என்ற பேரினம் பிரிக்கப்பட்டது; கூடுதல் மரபணுத் தரவுகளோடு 2021இல் வந்த ஆய்வு அதைத் திரும்பவும் கிராசிலேரியாவுக்குள் சேர்த்தது. ஒப்பிடப் பயன்படும் மரபணுத் தரவுத்தளத்தில் ஒட்டியிருக்கும் பெயரே தவறாக இருக்கலாம் என்பதையும் எங்கள் மாணவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே தயவுசெய்து, அடியில் பிடித்துக்கொள்ளும் பற்றுறுப்போடு முழுச் செடியையும் எடுங்கள். புடைப்புள்ள பெண் செடி கிடைத்தால் விடாதீர்கள். மேலே ஒட்டிய சிறு பாசிகளைக் கழுவி நீக்குங்கள், இல்லையேல் அவற்றின் டிஎன்ஏவைத்தான் படிப்போம். விரல்நுனி அளவுத் துண்டொன்றைச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்துங்கள். மரபணுவுக்கான துண்டில் ஃபார்மலின் படவே கூடாது. மீதியைத் தாளில் விரித்து அழுத்தி, இடமும் நாளும் ஆழமும் எழுதி, துண்டுக்கும் தாளுக்கும் ஒரே எண்ணை இடுங்கள். உயிரோடு இருந்தபோதைய நிறத்தையும் எழுதலாம், ஆனால் கடைசி வரியில்.