"வெளியில மட்டும் சொல்லாம இருந்தா போதும்"

"டாக்டர், அவன் எப்படி வேணா இருந்துட்டுப் போகட்டும், வெளியில மட்டும் சொல்லாம இருந்தா போதும்." தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலரும், அழுது ஓய்ந்த பிறகு வந்து நிற்கும் இடம் இதுதான். அவர்கள் வரையில் இது பெரிய விட்டுக்கொடுத்தல். ஆனால் இதே நிபந்தனையை அமெரிக்கா தன் ராணுவத்துக்குச் சட்டமாகவே போட்டுப் பார்த்து, பதினேழு வருஷம் கழித்துக் கைவிட்டது. அதனால் இப்படிக் கேட்பவர்களிடம் கர்னல் மார்கரெத்த கமர்மேயரைப் பற்றிச் சொல்வேன்.

1942-ல், நாஜிகள் பிடியில் இருந்த ஆஸ்லோவில் பிறந்தவர். குழந்தையைப் படுக்கவைத்த தள்ளுவண்டியில் துப்பாக்கிகளை ஒளித்து எதிர்ப்புப் படையினருக்குக் கொண்டுபோனவர் அவருடைய அம்மா. ஒன்பது வயதில் அமெரிக்கா வந்து, படித்து, ராணுவ நர்ஸாகி, வியட்நாம் போரில் 14 மாதம் வேலை பார்த்து வெண்கல நட்சத்திரப் பதக்கம் வாங்கினார். 1968-ல் கர்ப்பமானதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அன்றைய விதி அப்படி. விதி மாறியதும் 1972-ல் திரும்பிப் போனார்.

நான்கு மகன்கள். 1980-ல் விவாகரத்து. தான் லெஸ்பியன் என்பது தெளிவாகும்போது நாற்பதைத் தாண்டிவிட்டார். "நாலு பிள்ளை பெத்தவங்களுக்கு இது எப்படி?" என்று இந்த இடத்தில் கட்டாயம் கேட்பார்கள். கல்யாணமும் குழந்தையும் ஒருவருடைய ஈர்ப்பை மாற்றிவிடாது. "கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்" என்று செய்துவைத்தால் இரண்டு பேர் வாழ்க்கை கெடும், அதைத்தான் என் அறையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

1989-ல் அவர் வாஷிங்டன் மாநில தேசியக் காவல் படையின் தலைமை நர்ஸ். மேல் படிப்புக்கும் பதவி உயர்வுக்கும் ரகசியப் பாதுகாப்பு அனுமதி தேவைப்பட்டது. விசாரிக்க வந்த அதிகாரி தன்பாலீர்ப்பு பற்றிக் கேட்டபோது, லெஸ்பியன் என்று நேராகவே சொல்லிவிட்டார். அன்று தன்பாலீர்ப்புள்ளவர்கள் ராணுவத்தில் இருக்கவே தடை இருந்தது. தன்பாலீர்ப்புள்ளவர்களை எதிரிகள் மிரட்டி ரகசியம் கறந்துவிடுவார்கள் என்பது அந்தத் தடைக்கு ராணுவம் சொல்லிவந்த காரணங்களில் ஒன்று. தானே முன்வந்து சொன்னவரை யார், எதை வைத்து மிரட்டுவது? விசாரணை மூன்று வருஷம் இழுத்தது, அவ்வளவு நாளும் அதே பதவியில் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். 1992 ஜூனில் நீக்கினார்கள். மாநில ஆளுநரே அவரை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டும் பலனில்லை. அவர் வழக்குப் போட்டார், 1994-ல் நீதிபதி தாமஸ் ஸில்லி, நீக்கம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது, தடைக்கு அடிப்படை வெறும் வெறுப்புதான் என்று தீர்ப்புக் கொடுக்க, திரும்பப் பணிக்குப் போய் 1997-ல் ஓய்வு பெற்றார்.

இதற்கிடையில் 1993-ல் வந்ததுதான் நான் மேலே சொன்ன சட்டம். நாங்கள் கேட்க மாட்டோம், நீயும் சொல்லாதே. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சொல்லாமல் இருப்பது என்பது வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பதில்லை, அது முழுநேர வேலை. துணையின் பெயரைப் போனில் வேறு பெயரில் பதிந்து வைக்க வேண்டும். திங்கட்கிழமை டீ குடிக்கும்போது "ஞாயிற்றுக்கிழமை என்ன பண்ணே?" என்று சாதாரணமாகக் கேட்டாலும் ஒரு கதை தயாராக வேண்டும், போன வாரம் சொன்ன கதையோடு அது ஒத்துப்போகவும் வேண்டும். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று வருபவர்களிடம் நிதானமாகப் பேசிப் பார்த்தால் சிலரிடம் அடியில் இருப்பது இந்தக் கணக்குத்தான். அப்படி வாயைக் கட்டியும் அந்தச் சட்டத்தின் கீழ் 13,000-க்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள்.

கமர்மேயர் ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. ஊர் ஊராகப் பேசினார், 1998-ல் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். 2010 டிசம்பரில் ஒபாமா அந்தச் சட்டத்தை ரத்து செய்து கையெழுத்திட்ட விழாவில் கொடி உறுதிமொழியைச் சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

சரி, வீட்டில் பிள்ளை சொல்லிவிட்டால் என்ன செய்வது? யாரிடம், எப்போது சொல்வது என்பது பிள்ளையின் முடிவு. நீங்களாகப் போய் அத்தை மாமாவிடம் சொல்லவும் வேண்டாம், சொல்லாதே என்று சத்தியம் வாங்கவும் வேண்டாம். வீட்டுக்குள் ஒருவரிடமாவது பொய் கலக்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். அப்புறம், "மாத்திக் காட்டுறேன்" என்று எந்த டாக்டராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தடை செய்தது, 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. மாநில மருத்துவக் கவுன்சிலில் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம்.