ஒரே லைனில் மூன்று மாடல்: சராசரி மறைக்கும் 22 விநாடி

ஒரு அசெம்ப்ளி லைனில் ஹேட்ச்பேக், செடான், சன்ரூஃப் உள்ள எஸ்யூவி என மூன்று வகைக் கார்களும் கலந்து வருவதாக வைத்துக்கொள்வோம். சாப்பாடு, டீ நேரம் போக ஒரு ஷிஃப்டில் 420 நிமிடம் வேலை. தேவை 420 கார்: ஹேட்ச்பேக் 210, செடான் 140, எஸ்யூவி 70. ஆக, 60 விநாடிக்கு ஒரு கார் வெளியேற வேண்டும். இதற்கு டாக்ட் டைம் என்று பெயர்.

முதலில் வேலையைப் பங்கு பிரிக்க வேண்டும். கூரைக்குள் வயர் ஓடிய பிறகுதான் ரூஃப் லைனிங், அதன் பிறகுதான் சீட் என்று ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு முன்பின் வரிசை உண்டு. மூன்றையும் ஒரே வரைபடமாக இணைத்துவிட்டு, ஒரு வேலை எல்லா மாடலுக்கும் ஒரே ஸ்டேஷனில் நடக்கும்படி ஒதுக்குவார்கள். இல்லாவிட்டால் அதே டூலையும் பாகங்கள் வைக்கும் ரேக்கையும் இரண்டு இடத்தில் வைக்க வேண்டிவரும்.

கூரை ஸ்டேஷனில் ஹேட்ச்பேக்குக்கு 48 விநாடி, செடானுக்கு 58, எஸ்யூவிக்கு 82 ஆகிறது. 3:2:1 விகிதத்தில் சராசரி 57. அறுபதுக்குள் அடங்கிவிட்டதே என்று இங்கேயே நிறுத்திவிடக் கூடாது. லைன் நிற்பது சராசரியால் அல்ல, அடுத்தடுத்து வரும் கார்களால்.

கன்வேயர் விநாடிக்கு 10 செ.மீ. நகர்கிறது. இரண்டு கார்களுக்கு இடையே 6 மீட்டர். ஆபரேட்டர் காரோடு நடந்துகொண்டே வேலை செய்து, அதிகபட்சம் 9 மீட்டர் வரை போகலாம். அதற்கு மேல் டூலின் ஹோஸ் எட்டாது. எஸ்யூவியை முடிக்கும்போது அவர் 8.2 மீட்டரில் இருப்பார். அடுத்த கார் அதற்குள் 2.2 மீட்டர் உள்ளே வந்திருக்கும், அதாவது அவர் 22 விநாடி பின்தங்கியிருக்கிறார், இதுதான் பாக்கி. அதுவும் எஸ்யூவியாக இருந்தால் வேலை முடிய 10.4 மீட்டர் ஆகும். எல்லை தாண்டிவிட்டது. லைனை நிறுத்தும் ஆண்டான் கயிற்றை இழுக்க வேண்டும், அல்லது உதவிக்கு ரிலீவர் ஓடிவர வேண்டும்.

நடுவில் ஒரே ஒரு ஹேட்ச்பேக் வந்தாலும் போதாது. பாக்கி 10 விநாடியாகத்தான் குறையும். அடுத்த எஸ்யூவி 9.2 மீட்டரில் முடியும். நடுவில் இரண்டு செடான் வந்தாலும் பாக்கி 18 விநாடி. நாள் முழுக்க ஹேட்ச்பேக்குகளில் மிச்சமான விநாடிகள் இங்கே உதவாது, ஏனென்றால் கார் வரும்வரை சும்மா நின்ற நேரத்தைச் சேமித்து வைக்க முடியாது. புதிதாகத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள்.

அடுத்து வரிசை. டொயோட்டா முறையின் சாரம் இது: வரிசையின் ஒவ்வொரு இடத்துக்கும், அதுவரை உண்மையில் செலவாகியிருக்கும் பாகங்களுக்கும் சீரான ஓட்டத்தில் செலவாகியிருக்க வேண்டியதற்கும் உள்ள வித்தியாசங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை எந்த மாடலை விட்டால் மிகக் குறைவோ, அதை விடு. இதையே பாகங்களுக்குப் பதில் மாடல் எண்ணிக்கைக்குப் போட்டால், நம் 3:2:1-க்கு ஹேட்ச்பேக், செடான், ஹேட்ச்பேக், எஸ்யூவி, செடான், ஹேட்ச்பேக் என்று வரும். பாக்கி 22, 20, 8 என்று இறங்கி அடுத்த சுற்றின் முதல் காரோடு தீர்ந்துவிடும். சன்ரூஃப் கண்ணாடியும் 6 நிமிடத்துக்கு ஒன்று என்று சீராகப் போகும்.

ஆனால் பெயின்ட் ஷாப்புக்கு வேண்டியது நேர் எதிர். நிறம் மாறும்போதெல்லாம் ஸ்ப்ரே கன்னைக் கரைப்பான் விட்டுக் கழுவ வேண்டும் என்பதால், ஒரே நிறம் தொடர்ந்து வந்தால்தான் அவர்களுக்கு லாபம். ரெனோ நிறுவனத்தின் இந்தச் சிக்கல்தான் 2005-ல் ரோடெஃப் என்ற பிரெஞ்சு அமைப்பின் போட்டிக் கணக்காக வைக்கப்பட்டது. பல ஆலைகளில் பெயின்ட் ஷாப்புக்கும் அசெம்ப்ளிக்கும் நடுவே பாடிகளை நிறுத்தி வரிசையை மாற்ற ஒரு கிடங்கு இருக்கும். ஒரு பாடி மறுபெயின்டுக்குத் திரும்பினால் வரிசை குலையும். கார் வரிசைப்படியே வந்து இறங்கிய சீட்டுகள் அப்போது வேறு காருக்கு நேராக நிற்கும். அந்த ஓட்டையை நிரப்பத்தான் கிடங்கில் சில பாடிகள் கையிருப்பாக இருக்க வேண்டும்.

விற்பனை விகிதம் மாறினால் வரிசை மட்டும் காப்பாற்றாது. மூன்று மாடலும் சம அளவில் வந்தால் இதே ஸ்டேஷனின் சராசரி 62.7 விநாடி, எப்படி அடுக்கினாலும் லைன் நிற்கும். சன்ரூஃப் வேலையில் 10 விநாடியை லைனுக்கு வெளியே சப்-அசெம்ப்ளிக்கு மாற்றினால் எஸ்யூவி 72, சராசரி 59.3 ஆகும். அதன் பிறகு வரிசையை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.